கூடும் ஆயுள் யார் கைக்கு?

மூப்பைத் தள்ளிப்போடும் மருந்தை உலக ஆய்வுக்கூடங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவின் தோட்டத்து மக்களின் ஆயுள் எப்படிக் கூடியது என்று தெரிந்துகொண்டால், அந்த மருந்து வரும்போது நாம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை ரிங்லெட்டைத் தொடும்போது காது அடைத்துக்கொள்ளும். அணைக்கட்டு ஏரியைத் தாண்டி ஹாபுவில் உள்ளே திரும்பினால் போ தோட்டம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய தோட்டம் அது. பாரத் தோட்டம் 1933இல் வந்தது. கேமரன் மலையில் தமிழ்க் குரல் கேட்கத் தொடங்கி ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. லயம், கங்காணி, கிராணி, பிரட்டு என்ற சொற்களையெல்லாம் அந்த மக்கள்தான் மலைமேல் கொண்டு சேர்த்தார்கள்.

இங்கே கவாத்து வெட்டிய சரிவைப் பார்த்திருக்கிறீர்களா? சில ஆண்டுகள் தொடர்ந்து கொழுந்து பறித்தபின் தேயிலைச் செடி களைத்துவிடும். குச்சிகள் முடிச்சு முடிச்சாகத் தடித்துப்போகும், தளிர் சிறுத்துப்போகும். அப்போது செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்கிவிடுவார்கள். சரிவே பட்டுப்போனது போல வெறும் குச்சியாக நிற்கும். சில வாரங்களில் அந்தக் குச்சிகளிலிருந்து புதுத் துளிர் கிளம்பும். தன் போக்கில் விட்டால் மரமாக உயர்ந்துவிடும் ஒன்றை இப்படி வெட்டி வெட்டித்தான் செடியாகவே வைத்திருக்கிறார்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நூறு வயதை நெருங்கியும் அது கொழுந்து கொடுக்கும்.

செடிக்கு அந்த ஆயுள் வாய்த்தது. அதைப் பறித்தவர்களுக்கு?

நாடு விடுதலை பெற்ற 1957இல் மலாயாவில் பிறந்த ஆண் குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 56 ஆண்டுகள், பெண் குழந்தைக்கு 58. இன்று மலேசியர்களின் சராசரி ஏறக்குறைய 75. பேரன் பேத்தி எடுத்த ஒருவர் தன் வாழ்நாளுக்குள்ளேயே பார்த்துவிட்ட மாற்றம் இது. அந்தக் காலத்தில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 75 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இப்போது அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆயுளை நீட்டிக்க முடியுமா என்று உலகமே இன்று கேட்கிறது. தோட்டத்து வரலாற்றில் அதற்கு ஏற்கெனவே ஒரு பதில் உண்டு. அந்தப் பதிலில் மருந்துப் புட்டியைவிட மண்வெட்டியும் அரிசி மூட்டையும்தான் முன்னால் நிற்கின்றன.

கால்வாய் கொடுத்த ஆண்டுகள்

கேமரன் மலையில் தேயிலை ஊன்றப்படுவதற்கு முன்பே கீழே சமவெளியில் ரப்பர்த் தோட்டங்கள் காட்டை அழித்துப் பரவின. பால்மரக் காட்டுக்குக் கப்பலேறி வந்த தமிழர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டுபோனது. 1900களின் தொடக்கத்தில் சில தோட்டங்களில் ஓராண்டுக்குள் பத்தில் ஒருவருக்கு மேல் செத்தார்கள். ஊரில் இருப்பவர்களுக்குக் கடிதம் போட ஆள் இல்லாமல் போன குடும்பங்கள் எத்தனையோ.

1901இல் இன்றைய கிள்ளான் துறைமுகம் திறக்கப்பட்டவுடனேயே மலேரியா அதை முடக்கிப்போட்டது. கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, புதரை வெட்டி, நீர் தேங்காமல் கால்வாய் எடுத்தார். கொசுதான் மலேரியாவைக் கடத்துகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்து அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் சரிந்தது. அதே வேலையை வாட்சன் தோட்டங்களுக்கும் கொண்டுபோனார்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி நீரை வடித்தால் மலேரியா குறைந்தது. மலையடிவாரத் தோட்டங்களில் அதே வேலை நோயைக் கூட்டியது. அங்கே காய்ச்சலைப் பரப்பிய கொசு வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடைநீரில்தான் அது முட்டையிடும். மரத்தை வெட்டியதும் ஓடையில் வெயில் விழுந்தது, கொசு பெருகியது. அதனால் மலைப்பாங்கான இடங்களில் ஓடைநீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே கொண்டுபோக வேண்டியிருந்தது. ஓரிடத்து மருந்து இன்னோரிடத்துக்கு ஆகாது என்பதைத் தோட்டத்து மரணங்கள்தான் அறிவியலுக்குக் கற்றுக்கொடுத்தன.

வழி தெரிந்த பிறகும் எல்லாத் தோட்டங்களும் உடனே கால்வாய் வெட்டிவிடவில்லை. காசு செலவாகும் வேலை அது. 1911இல் மலேரியா ஆலோசனைக் குழு அமைந்தது. 1912இல் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. தொழிலாளரின் உடல்நலத்துக்குத் தோட்ட நிர்வாகம் பொறுப்பு என்று எழுத்தில் ஆன பிறகுதான், மருத்துவமனையும் கால்வாயும் துரையின் தயவில் கிடைக்கும் சலுகை என்ற நிலை மாறத் தொடங்கியது. ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தால் தோட்டத்துக்கு நட்டம் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது. அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

புழுங்கல் அரிசி காட்டிய உண்மை

இரண்டாவது கதை நம் சோற்றுத் தட்டிலேயே இருக்கிறது.

அதே காலத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். பக்கத்திலேயே உழைத்த தமிழர்களுக்கு அந்த நோய் அநேகமாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் உண்டது ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. நோயின் வேர் அரிசியில்தான் என்றார் அவர்.

பலர் நம்பவில்லை. வில்லியம் ஃபிளெச்சரும் நம்பாதவர்களில் ஒருவர். 1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் அவர் ஒரு சோதனை செய்தார். உணவுக் கொட்டகையில் நோயாளிகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணினார். ஒற்றை எண் வந்தவர்களுக்குத் தீட்டிய சயாம் அரிசி, இரட்டை எண் வந்தவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றுதான். ஆண்டு முடிவில் தீட்டிய அரிசி உண்டவர்களில் பலரைப் பெரிபெரி பிடித்திருந்தது, 18 பேர் இறந்துபோனார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை.

நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அதற்குப் பிறகு குத்துவது நம் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிமணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுதாகப் போவதில்லை. 1909இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டான்டனும், தீட்டும்போது கழியும் பகுதியில்தான் உயிர்காக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று நிறுவினார்கள். அந்த ஒன்றை, இன்று நாம் பி1 வைட்டமின் என்று சொல்வதை, 1926இல் ஜாவாவில் பிரித்தெடுத்தார்கள். எதனால் காப்பாற்றப்பட்டோம் என்றே தெரியாமல் நம் மக்கள் பாதுகாப்பாக இருந்தார்கள். காரணம் தெரிந்த பிறகு அந்தப் பாதுகாப்பை எல்லோருக்கும் கொடுக்க முடிந்தது.

அதே கழகத்தில் 1948இல், ஜோசஃப் ஸ்மாடெல் தலைமையில் வந்த அமெரிக்கக் குழு, உண்ணிக் காய்ச்சலுக்குக் குளோராம்ஃபெனிகால் என்ற மருந்தைச் சோதித்தது. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்ட ஒருவருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. அதுவும் குணமானது. டைபாய்டை அடக்கும் முதல் மருந்து உலகத்துக்குக் கிடைத்தது மலாயாவில்தான். நீள் ஆயுள் அறிவியல் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் இந்த மூன்று கதைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் இன்று என்ன நடக்கிறது?

தொற்றுநோயைத் தடுத்தால் ஆயுள் கூடும் என்பது பழைய பாடம். மூப்பையே தள்ளிப்போட முடியுமா என்பது புதிய கேள்வி.

1993இல் சிந்தியா கென்யன் நூலளவுகூட இல்லாத ஒரு புழுவில் ஒரே ஒரு மரபணுவை மாற்றி அதன் ஆயுளை இரட்டிப்பாக்கினார். மூப்பு என்பது மாற்றவே முடியாத விதி என்ற எண்ணம் அன்று ஆட்டம் கண்டது.

அடுத்தது ராபமைசின். 1964இல் கனடா மருத்துவர் குழு ஒன்று பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவிலிருந்து மண் எடுத்து வந்தது. அந்தத் தீவின் உள்ளூர்ப் பெயர் ராப்பா நூயி. அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தவர் சுரேன் சேகல் என்ற இந்திய விஞ்ஞானி. 1980களின் தொடக்கத்தில் அவர் வேலை செய்த நிறுவனம் அந்த ஆய்வைக் கைவிட்டது. சேகல் அந்த நுண்ணுயிரியை விட்டுவிடவில்லை. உணவுப் பொருளோடு கலந்துவிடாமல் எழுதி ஒட்டித் தன் வீட்டு ஐஸ் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். 1999இல் அது சிறுநீரக மாற்று சிகிச்சைக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2009இல் வந்த ஆய்வு எல்லோரையும் நிமிர வைத்தது. பிறந்து 600 நாளான எலிகளுக்கு, அதாவது நம் கணக்கில் அறுபது வயதைத் தொட்டவற்றுக்கு, அதைக் கொடுத்தபோது பெண் எலிகளின் ஆயுள் 14 விழுக்காடும் ஆண் எலிகளின் ஆயுள் 9 விழுக்காடும் கூடின.

அது எப்படி வேலை செய்கிறது? உணவு தாராளமாக இருக்கும்போது வளரச் சொல்லி உயிரணுவுக்குக் கட்டளையிடும் ஓர் அமைப்பு நம் உடம்பில் உண்டு. ராபமைசின் அதைத் தணிக்கிறது. வளர்ச்சி தணிந்ததும் உயிரணு தன் பழைய குப்பையைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. இந்தச் சுத்திகரிப்பு எப்படி நடக்கிறது என்று விளக்கிய ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் கிடைத்தது. கவாத்து வெட்டத் தெரிந்த தோட்டக்காரருக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. களைத்த குச்சியை எடுத்தால்தான் துளிர் வரும்.

இன்னொரு முயற்சி முதிர்ந்த உயிரணுக்களைக் குறிவைக்கிறது. மனித உயிரணு ஒரு கணக்குக்கு மேல் பிரியாது என்று லியோனார்ட் ஹேஃப்லிக் 1961இல் காட்டினார். அப்படி நின்றுபோனவற்றில் சில சாகவும் செய்யாமல் கிடந்து சுற்றியுள்ள திசுவுக்கு அழற்சியை உண்டாக்குகின்றன. 2011இல் எலிகளின் உடம்பிலிருந்து அவற்றை நீக்கியபோது மூப்பின் கோளாறுகள் பல தள்ளிப்போயின. ஷின்யா யமனாக்கா 2006இல் நான்கே மரபணுக்களைக் கொண்டு முதிர்ந்த உயிரணுவைக் கருநிலைக்குத் திருப்பிக்காட்டினார். அந்தத் திருப்பத்தைப் பாதியில் நிறுத்தி, உறுப்பை இளமையாக்க முடியுமா என்று இப்போது தேடுகிறார்கள். அளவு மீறினால் புற்றுக்கட்டி வரும் என்பதால் மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை அது.

இவை அனைத்தும் உண்மையான அறிவியல். இவற்றை நான் வியப்போடுதான் படிக்கிறேன். ஆனாலும் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான மனிதரின் ஆயுளை நீட்டிக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை ஒன்றுகூட இல்லை. ராபமைசின் உடம்பின் எதிர்ப்பாற்றலை அடக்கக்கூடியது, இரத்தத்தில் கொழுப்பையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியது. கைப்பேசியில் விளம்பரம் பார்த்து இளமை மாத்திரை வாங்குபவர்கள் தங்கள் உடம்பையே சோதனைக்கூடம் ஆக்குகிறார்கள்.

நூறு வயது எல்லோருக்குமா?

உறுதிசெய்யப்பட்ட மிக நீண்ட மனித ஆயுள் பிரான்சின் ஜான் கால்மானுடையது. 1997இல் இறந்தபோது அவருக்கு வயது 122. அதன் பிறகு யாரும் அந்த எல்லையைத் தாண்டவில்லை. 1840 முதல் உலகின் மிக நீண்ட ஆயுள் கொண்ட நாடுகளில் சராசரி, ஆண்டுக்குக் கால் ஆண்டு வீதம் ஏறிக்கொண்டே வந்தது என்று 2002இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு காட்டியது. அந்த ஏற்றம் தணிந்துவிட்டது என்று 2024இல் ஜே ஓல்ஷான்ஸ்கி குழுவினர் எழுதினார்கள். மூப்பையே மெதுவாக்கும் வழி கிடைக்காதவரை, பெண்களில் 15 விழுக்காட்டுக்கு மேலும் ஆண்களில் 5 விழுக்காட்டுக்கு மேலும் நூறு வயதைத் தொடமாட்டார்கள் என்பது அவர்கள் கணிப்பு.

சிதம்பரத்தில் பிறந்து 2009இல் வேதியியல் நோபல் பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், மூப்பையும் மரணத்தையும் பற்றியே 2024இல் ஒரு நூல் வெளியிட்டார். உயிரணுவுக்குள் புரதம் தயாராகும் இடத்தை ஆராய்ந்தவர் அவர். மூப்பின் உயிரியலை விளக்குவதோடு, ஆயுள் கூடினால் சமூகத்தில் என்ன ஆகும் என்ற கேள்வியையும் அவர் எடுத்துக்கொள்கிறார். எனக்கு முக்கியமாகப்படுவது அந்த இரண்டாவது கேள்விதான்.

நம் உடம்பின் கணக்கு

மலேசியப் புள்ளிவிவரத் துறையின் ஆயுள் அட்டவணையில் மூன்று பெரிய இனங்களை எடுத்துக்கொண்டால், இந்திய ஆண்களின் ஆயுள்தான் மிகக் குறைவு. அதே நாடு, அதே அரசு மருத்துவமனை. இருந்தும் சீனர்களைவிட நம் ஆண்கள் பல ஆண்டுகள் முன்னதாகவே போய்விடுகிறார்கள்.

காரணங்களில் முதலில் வருவது இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்று சொல்லிவிடலாம். தெற்காசிய உடம்பு ஒல்லியாகத் தெரியும்போதே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்துவைத்திருக்கும். அதனால் எனக்கு என்ன, நான் குண்டா என்று கேட்பவருக்கும் நோய் வந்துவிடுகிறது. முதுகில் கூடையோடு சரிவில் ஏறி இறங்கிய தலைமுறை பட்டணத்துக்கு இறங்கிக் காவல் வேலையிலும் ஓட்டுநர் இருக்கையிலும் உட்கார்ந்தது. சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. இதோடு சம்சு சாராயம் தோட்டத்து ஆண்களைத் தின்ற கதையும் உண்டு. அது எல்லோருக்கும் தெரிந்த துயரம்.

இந்த நோய் எத்தனை ஆண்டுகளைப் பறிக்கிறது? பணக்கார நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2023இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, 40 வயதில் நீரிழிவு கண்டவர்கள் அது இல்லாதவர்களைவிடச் சராசரியாகப் பத்தாண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று கணக்கிட்டது. 50 வயதில் கண்டவர்களுக்கு இழப்பு ஆறு ஆண்டுகள். எலிக்கு 14 விழுக்காடு ஆயுள் கூடியதைக் கேட்டு நாம் வாய்பிளக்கிறோம். நம் வீட்டுச் சமையல்கட்டில் அதற்குச் சமமான ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

அதைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறது என்று சென்னையிலேயே நிரூபித்துவிட்டார்கள். மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் வாசலில் நின்ற 531 பேரைப் பிரித்துக் கவனித்தார்கள். ஒன்றும் செய்யாமல் விட்ட பிரிவில் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினருக்கு நோய் முற்றியது. தினமும் நடை, சோற்றிலும் சீனியிலும் எண்ணெயிலும் கட்டுப்பாடு என்று இருந்த பிரிவில் அது ஏறக்குறைய 39 விழுக்காடு. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த பிரிவிலும் பலன் ஏறக்குறைய அவ்வளவே.

மெட்ஃபார்மினைக் கவனியுங்கள். அரசு கிளினிக்கில் நம் அப்பா அம்மாமார் வாங்கிவரும் அதே வெள்ளை மாத்திரைதான். அது மூப்பையே தாமதமாக்குமா என்று 65 முதல் 79 வயதுவரையுள்ள 3,000 பேரிடம் சோதிக்க அமெரிக்காவில் நிர் பார்சிலாய் திட்டம் போட்டார். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் அதை 2015இல் எடுத்துச்சென்றும், ஆண்டுக்கணக்காகப் பணம் திரளவில்லை. காப்புரிமை காலாவதியான, சில காசுக்குக் கிடைக்கும் மாத்திரை அது. அதைச் சோதித்து யார் லாபம் பார்ப்பது? விலை மலிவாக இருப்பதாலேயே ஒரு மருந்து நிரூபிக்கப்படாமல் கிடக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதற்காக, சர்க்கரை இல்லாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை விழுங்கத் தொடங்கிவிடக் கூடாது.

கோப்பைக்குள் என்ன இருக்கிறது?

கேமரன் மலையைப் பற்றி எழுதிவிட்டுத் தேநீரைச் சொல்லாமல் விட முடியாது. பிரிட்டனில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரைப் பதினொரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியான ஆய்வில், நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ தேநீர் குடித்தவர்களின் மரண ஆபத்து 9 முதல் 13 விழுக்காடு குறைந்திருந்தது. இது கவனித்துச் சொன்ன கணக்குதான். தேநீர்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. தேயிலையில் உடம்புக்கு ஆகாதது அதிகமில்லை என்று நிம்மதியாகச் சொல்ல அது போதும்.

ஆனால் நம் கடைகளில் தேயிலை தனியாக வருவதில்லை. டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. தே தாரே ஒரு கோப்பைக்கு அது எவ்வளவு ஊற்றப்படுகிறது என்று நின்று பாருங்கள். பறித்தவர் முதுகு வலிக்கப் பறித்த கொழுந்தின் நன்மை அந்தப் பாலில் மூழ்கிவிடுகிறது. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கேட்கப் பழகிக்கொள்வது கசப்பான யோசனைதான். ஒரு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

கூடிய ஆண்டுகளை எங்கே வாழ்வது?

எண்பது, தொண்ணூறு என்று ஆயுள் கூடினால் இன்னொரு கேள்வியும் கூடவே வரும். மலேசியாவில் ஓய்வு வயது 60. தோட்டத்தில் வேலை ஓய்ந்தால் தோட்ட வீட்டையும் விட வேண்டும் என்பதே காலங்காலமான வழக்கம். பிறந்து, மணமுடித்து, பிள்ளை பெற்ற லயத்திலிருந்து அறுபது வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவர்கள் நம்மிடையே ஏராளம். குறைந்த சம்பளத்தில் சேர்ந்த சேமநிதி எத்தனை ஆண்டு தாங்கும்? சொந்த வீடும் சேமிப்பும் இல்லாதவருக்கு முப்பது ஆண்டு கூடுதல் ஆயுள் கொடுத்தால் அது வரமாகுமா?

இன்னொன்றையும் நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகள் படித்து மலையிறங்கிவிட்டார்கள். இன்று சரிவுகளில் கொழுந்து வெட்டும் இயந்திரத்தைப் பிடித்திருப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் நம் தாத்தா நின்ற இடத்தில்தான் அவர்கள் நிற்கிறார்கள். வெளிநாட்டவர் என்பதால் அரசு மருத்துவமனையில் அவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. தோட்டத்து ஆயுளைப் பற்றித் தமிழில் பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேசினால், நாம் நம் வரலாற்றையே மறந்துவிட்டோம் என்று பொருள்.

வாட்சனின் கால்வாயும் ஃபிளெச்சரின் அரிசியும் நமக்குக் காட்டுவது இதைத்தான்: கண்டுபிடித்த நாளில் யாருடைய ஆயுளும் கூடிவிடவில்லை. அந்த அறிவை லயத்து வாசல்வரை கொண்டுசேர்ப்பது யாரோ ஒருவருடைய கடமை என்று ஆன நாளில்தான் கூடியது. தமிழ்நாடு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் நோயாளியின் வீட்டுக்கே போகின்றன. மாத்திரையில் புதுமை ஒன்றும் இல்லை, கொண்டுசேர்க்கும் பொறுப்பில்தான் புதுமை இருக்கிறது. 2024இல் அத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது. கேமரன் மலையின் உள்தோட்டங்களுக்கும் அப்படி மருந்து கொண்டுபோகும் ஒரு வண்டி மாதம் ஒருமுறை போக முடியாதா? தோட்ட நிர்வாகங்களும் சுகாதார அமைச்சும் தொழிற்சங்கமும் ஒன்றாக உட்கார்ந்தால் இது பெரிய காரியம் அல்ல. நாளை ஒரு மூப்புத் தடுப்பு மருந்து உண்மையாகவே வந்தால், அதைக் கொண்டுசேர்க்கப்போவதும் அதே வண்டிதான். இன்று மெட்ஃபார்மினைக் கொண்டுபோக வழியில்லாத இடத்துக்கு நாளைய மருந்து போய்ச்சேராது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையிலோ அடிவாரத்திலோ உங்கள் பெற்றோர் இருந்தால், இந்த மாதமே அவர்களை அழைத்துப்போய் இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சிறுநீரகமும் சோதித்துவிடுங்கள். கண்ணையும் காலையும் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களில் நாற்பது வயதைத் தொட்டவர்களுக்குப் பெக்கா பி40 என்ற அரசுத் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த, சிறுநீரகப் பரிசோதனைகள் இலவசம். அது கிடைக்காதவர்கள் அருகிலுள்ள அரசு கிளினிக்குக்குப் போகலாம். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி.